விசில் ஊதாத கோச்

'வேண்டாம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் 489 ஆட்டங்களை ஜெயித்தார். விசில் வேண்டாம். பயிற்சியில் ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்த வேண்டாம். தண்டால், பஸ்கி, மைதானத்தைச் சுற்றி ஓட்டம் எதுவும் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். மழை பெய்தால் வேண்டாம், கொசு கடித்தாலும் வேண்டாம். என்னைக் 'கோச்' என்று கூப்பிடவும் வேண்டாம், ஜான் என்றே கூப்பிடு.

அவர் ஜான் கலார்டி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அவரைவிட அதிக ஆட்டம் ஜெயித்த பயிற்சியாளர் இதுவரை இல்லை. இது நடந்தது பெரிய கல்லூரிகளான அலபாமாவிலும் இல்லை, டெக்சஸிலும் இல்லை. மினசோட்டா மாநிலத்தில் காலேஜ்வில் என்ற இடத்தில், பெனடிக்ட் சபைத் துறவிகள் காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே நடத்தும் செயின்ட் ஜான்ஸ் என்ற ஆண்கள் கல்லூரியில், 1953 முதல் 2012 வரை, 60 பருவங்கள். நான் சொல்வது ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தை அணைத்தபடி, எதிரில் வருபவனை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னேறும் ஆட்டம். இடிப்பதே ஆட்டத்தின் பாதி. அந்த ஆட்டத்தில்தான் இந்த மனிதர் இடிக்காதே என்றார்.

நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது 1993-ல். செயின்ட் கிளவுட் நகரத்தில் மேல்படிப்பு. ஆகஸ்டில் இறங்கியவனுக்கு நவம்பரில் என்ன நடக்கப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. அது வேறு கதை. என் அறைத்தோழன் அந்த ஸ்டர்ன்ஸ் கவுண்டியின் ஜெர்மன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். வீட்டில் பால் மாடு. அவன் அப்பா அறுபதுகளில் செயின்ட் ஜான்ஸில் ஆடியவர். அவர்கள் வீட்டில் போப்பாண்டவர் படத்துக்கும் மேய்ப்பர் படத்துக்கும் நடுவே ஒரு அணிப் புகைப்படம் தொங்கியது. அதில் ஓரமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வேட்டைக்கு வந்த இடத்தில் வழி தவறிய கணக்குப்பிள்ளை மாதிரி ஒருவர் நின்றார். அவர்தான் பெரிய கோச் என்றார்கள். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனான். நெடுஞ்சாலையில் மேற்கே கால் மணி நேரம். கான்கிரீட்டில் பெரிய பதாகை போல ஒரு மணிக்கூண்டு மரங்களுக்கு மேலே தெரியும். மார்செல் பிராயர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1961-ல் முடித்த தேவாலயம் அது. அதைத் தாண்டினால் இயற்கையே தோண்டிவைத்த பள்ளத்தில் மைதானம், சுற்றிலும் பைன் மரம். அந்த வருஷம் அவர்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளிக்கு மேல் குவித்துக்கொண்டிருந்தார்கள். 30 அடித்தாலே பெரிய விஷயமாக இருக்கிற ஆட்டத்தில் 60. இடைவேளைக்குள்ளேயே முதல் வரிசை ஆட்டக்காரர்களை உட்காரவைத்துவிட்டு, மூன்றாம் வரிசை, நான்காம் வரிசைப் பையன்களை அனுப்பிக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். அப்படியும் புள்ளி ஏறியது. எதிரணிக்காகப் பரிதாபப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். எனக்கு விதிகள் தெரியாது.

விதி தெரிந்ததும் ஆச்சரியம் கூடியது. காரணம், வார நாளில் ஒரு முறை பயிற்சியையும் பார்த்துவிட்டேன்.

நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் புல்லில் மல்லாந்து படுத்திருந்தார்கள். வானத்தைப் பார்த்து, இன்று எவ்வளவு அருமையான நாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். துறவிகள் நடத்தும் கல்லூரி என்பதால் ஏதோ ஜெபம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதுதான் உடற்பயிற்சி என்றான் அறைத்தோழன். அதற்கு 'நல்ல நாள் பயிற்சி' என்றே பெயர் உண்டு. பிறகு எழுந்தார்கள், ஆட்ட நகர்வுகளை ஓடிப் பார்த்தார்கள், எதிரில் நிற்பவனைத் தொட்டுவிட்டு விலகினார்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, சாப்பிடப் போய்விட்டார்கள்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டருக்கு விசில்தான் வாய். விசில் அடித்தால் ஓட வேண்டும், மறுபடி அடித்தால் இன்னும் வேகமாக ஓட வேண்டும், அடிக்காவிட்டால் ஏன் நிற்கிறாய் என்று முதுகில் ஒன்று விழும். பதினைந்து ரவுண்டு ஓடி முடித்தவனுக்குத் தண்ணீர் கிடையாது. குடித்தால் வயிறு பிடிக்கும் என்பது அவர் சாஸ்திரம். அந்தச் சாஸ்திரம் உலகத்துக்கே பொது என்பது காலேஜ்வில்லுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. கலார்டி தன் வாழ்க்கையைத் தொடங்கியதே அதை எதிர்த்துத்தான்.

கொலராடோவில் டிரினிடாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். இத்தாலியக் குடும்பம். 1943-ல் பையனுக்கு வயது 16, கத்தோலிக்கப் பள்ளி அணியில் ஆட்டக்காரன். கோச்சைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அணியைக் கலைத்துவிடலாம் என்று பள்ளி நினைத்தது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான் பையன். வேறு ஆள் இல்லாததால் சரி என்றார்கள். நியமனக் கமிட்டி, நேர்முகத் தேர்வு, தகுதிப் பட்டியல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு அந்த வேலை கிடைத்திருக்காது.

அதிகாரம் கைக்கு வந்ததும் அந்தப் பையன் செய்தது, ஆட்டக்காரனாக இருந்தபோது தனக்கு எதெல்லாம் பிடிக்கவில்லையோ அதையெல்லாம் தூக்கியதுதான். வாத்து நடை போட வைப்பார்கள். ஆட்டத்தில் யாரும் வாத்து நடை நடப்பதில்லையே, தூக்கு. பயிற்சியிலேயே மோதி மோதி நல்ல ஆட்டக்காரன் காலை உடைத்துக்கொண்டு ஓரத்தில் உட்காருவான், மோதலைத் தூக்கு. தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கக்கூடாதாம், குடி. அணி ஜெயித்தது. பள்ளிப் பையனுக்கு வேறு என்ன நிரூபணம் வேண்டும்? அதையே வைத்துக்கொண்டு பின்னர் கொலராடோ கல்லூரியில் படித்தபடி இன்னொரு பள்ளி அணிக்கும் கோச்சாக இருந்தார். 1949-ல் படிப்பு முடிந்த கையோடு மான்டானாவில் ஹெலனா நகரின் கேரல் கல்லூரிக்குப் போய், நான்கு பருவங்களில் 24 ஆட்டங்களை ஜெயித்தார், தோற்றது 6.

1953-ல் செயின்ட் ஜான்ஸ் கூப்பிட்டது. அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்து விலகியவர் ஜானி பிளட் மெக்னாலி. கிரீன் பே பாக்கர்ஸ் அணியில் ஆடி, பிறகு தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் 1963-ன் முதல் வரிசையிலேயே இடம்பிடித்தவர். பட்டப்பெயரை வாலண்டினோ படத்தின் விளம்பரப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்ட ஆசாமி. போகிறபோது புதியவரிடம், இந்த இடத்தில் யாராலும் ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். கலார்டி இதைச் சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறார். சிரிக்கலாம்; பின்னர் அங்கே 465 ஆட்டங்களை ஜெயித்தவர்.

துறவிகள் சிக்கனக்காரர்கள். கால்பந்தோடு ஐஸ் ஹாக்கியையும் சேர்த்து அவர் தலையில் கட்டினார்கள். அது அவர் ஆடி வளர்ந்த ஆட்டமே அல்ல. மினசோட்டாவில் ஹாக்கி தெரியாமல் ஹாக்கி கற்றுக்கொடுப்பது மதுரையில் தமிழ் தெரியாமல் பட்டிமன்றத்துக்கு நடுவராக இருப்பது போல. அதிலும் 42 ஜெயித்து 25-ல்தான் தோற்றார். தெரியாத விஷயத்தில் தலையிடாமல் இருந்தால் இவ்வளவு ஜெயிக்கலாம் என்று தெரிந்துகொள்ள நம்மூர் விளையாட்டுச் சங்கத் தலைவர்கள் ஒரு முறை அங்கே போய் வரலாம். அவர்கள் போக மாட்டார்கள். ஒலிம்பிக் நடக்கும் ஊருக்குத்தான் போவார்கள்.

அறைத்தோழனின் அப்பாவை ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கேட்டேன்: மோதாமல் பழகிவிட்டு, சனிக்கிழமை எப்படி ஐயா மோதினீர்கள்?

"எதிரணிக்காரங்க திங்கள்லேருந்து வெள்ளிவரைக்கும் தங்களுக்குள்ளேயே மோதிக்கிட்டு சனிக்கிழமை நொண்டிக்கிட்டு வருவாங்க. நாங்க சனிக்கிழமைதான் தம்பி மொத மொதல்ல மோதுவோம். வாரம் முழுக்கக் கட்டிப்போட்ட மாட்டை அவுத்துவிட்ட மாதிரி."

மனிதர் பாதிதான் சொன்னார். மீதியை நான் பல வருஷம் பார்த்துப் புரிந்துகொண்டேன். மோதுவது கலை அல்ல, இருபது வயதுப் பையனுக்கு அது தானாக வரும். சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பதுதான் கலை என்பது கலார்டியின் கணக்கு. மோதி விழுந்து எழுந்து திரும்பி வரிசையில் நிற்கிற நேரத்தில் அதே நகர்வை இன்னும் பல முறை ஓடிப் பார்த்துவிடலாம். எதிரணி எப்படி நின்றால் என்ன செய்யும் என்பதைக் கண்ணுக்குப் பழக்கலாம். தடுப்பதற்குப் பழகும் இரும்புச் சறுக்குவண்டியும் இல்லை, இடித்துப் பழகும் பொம்மையும் இல்லை, தலையணை அளவு ஆட்டப் புத்தகமும் இல்லை. எந்த நகர்வை ஆடுவது என்பதை மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கே முடிவு செய்வான். வரிசைக்கு வந்து, எதிரில் நிற்பவர்களைப் பார்த்து, மாற்றவும் மாற்றிக்கொள்வான்.

அணியிலிருந்து யாரையும் வெட்டிவிடுவது இல்லை என்பது இன்னொரு 'வேண்டாம்'. வந்தவர் எல்லோரும் அணியில் உண்டு, உள்ளூர் ஆட்டத்தில் எல்லோருக்கும் சீருடை உண்டு, கடைசி வருஷ மாணவர்கள் எல்லோரும் கேப்டன்கள். இதைத் தாராள மனசு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அதில் கணக்கும் இருந்தது. கல்லூரி விளையாட்டில் செயின்ட் ஜான்ஸ் இருந்த மூன்றாம் பிரிவில், 1973-ல் அந்தப் பிரிவு உருவானதிலிருந்தே, விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. காசு கொடுத்துக் கட்டிப்போட்ட பையனை விசில் ஊதி விரட்டலாம். கல்விக் கட்டணத்தைத் தானே கட்டிக்கொண்டு ஆட வருகிறவனை விரட்டினால் அவன் போயே போய்விடுவான். கலார்டியின் இனிமையில் கொஞ்சம் மளிகைக் கடை முதலாளியின் விவேகமும் உண்டு. வளாகத்தில் அவர் நடத்திய 'கால்பந்துக் கோட்பாடு' வகுப்புக்கு இடம் கிடைக்காமல் மாணவர்கள் அலைவார்கள். பக்கத்துப் பெண்கள் கல்லூரியிலிருந்தும் வருவார்கள். கோட்பாட்டைவிட மார்க் சுலபம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் காலேஜ்வில்லில் புல்லில் படுக்கவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் தேசம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1954-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த பேர் பிரையன்ட், தன் அணியை ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார். பத்து நாள். தகிக்கும் வெயிலில், பயிற்சியின் நடுவே தண்ணீர் இல்லாமல், முள்ளும் கல்லுமான தரையில் காலையும் மாலையும் மோதல். ஒருவர் வெயிலில் சுருண்டு சாவின் விளிம்புவரை போய் வந்தார். இரவோடு இரவாக ஓடிப்போனவர்கள் பலர். இரண்டு பஸ்ஸில் போனவர்கள் ஒரு பஸ்ஸில் திரும்பினார்கள். அந்தப் பருவம் ஏ அண்ட் எம் 1 ஆட்டம் ஜெயித்து 9-ல் தோற்றது. ஆனாலும் காவியமானது ஜங்ஷன்தான். இரண்டு வருஷம் கழித்து அதே அணி தோல்வியே இல்லாமல் பட்டம் வென்றது. அதற்குக் காரணம் தாகம்தான் என்று முடிவாகிவிட்டது. புத்தகம் வந்தது, 2002-ல் தொலைக்காட்சிப் படம் வந்தது. புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் புகழ்ந்தவர்களைப் பற்றி யார் படம் எடுப்பார்கள்? அவர்கள் 1963-ல் பிரெய்ரி வியூவை 33-27 என்று வீழ்த்தித் தேசியப் பட்டம் வாங்கினார்கள், 1965-ல் லின்ஃபீல்டை 33-0 என்று வீழ்த்தி மறுபடி வாங்கினார்கள், 1976-ல் டவ்சனை 31-28 என்று ஜெயித்து மூன்றாவதும் வாங்கினார்கள்.

பெரிய கல்லூரிக்காரர்கள் சொன்ன பதில் ஒன்றே: அது சின்னக் கல்லூரி ஆட்டம், அங்கே என்ன செய்தாலும் செல்லும்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. 489 என்ற எண்ணை அலபாமாவின் பட்டியலோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் ஆட்டங்களில் பெரும்பகுதி மினசோட்டாவின் சிறு கல்லூரிகளோடு நடந்தவை. அவர் தாண்டிய சாதனைக்குச் சொந்தக்காரர் எடி ராபின்சன். லூசியானாவில் கிராம்ப்ளிங் என்ற கறுப்பினக் கல்லூரியில் 1941-ல் தொடங்கி 1997 வரை 408 ஆட்டங்கள். நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த தெற்கில் தொடங்கி, தொழில்முறை அணிகளுக்கு 200-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை அனுப்பியவர் அவர். கலார்டி அனுப்பியதெல்லாம் பெரும்பாலும் வக்கீல்கள், டாக்டர்கள், காப்பீட்டு முகவர்கள், பால் மாடு வைத்திருப்பவர்கள். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் நான் ராபின்சன் பக்கம்தான் கை காட்டுவேன்.

409-வது வெற்றி 2003 நவம்பர் 8 அன்று வந்தது. பெத்தல் அணியை 29-26 என்று ஜெயித்தார்கள். 13,000 பேருக்கு மேல் அந்தப் பள்ளத்தைச் சுற்றி நின்றோம். அந்தக் கல்லூரியின் மாணவர் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு. என் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அழுதார். குளிரா, உணர்ச்சியா என்று கேட்கவில்லை. மினசோட்டாவில் அதைக் கேட்பது நாகரிகம் அல்ல. அடுத்த மாதம் வர்ஜீனியாவில் சேலம் நகரில் இறுதி ஆட்டம். எதிரே ஒஹையோவின் மவுன்ட் யூனியன், தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோற்காத அணி. 24-6 என்று செயின்ட் ஜான்ஸ் ஜெயித்தது. கோச்சுக்கு வயது 77. அந்த வருஷமும் யாரும் அவரைக் கோச் என்று கூப்பிடவில்லை.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன்.

மினியாபொலிஸ் புறநகரில் என் மகன் பள்ளி அணியில் சேர்ந்தான். வேண்டாம் என்று அவன் அம்மா சொன்னாள். 'வேண்டாம்' என்று சொல்லியே ஜெயிப்பது கலார்டிக்கு மட்டும்தான் வாய்த்தது. பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். இளம் பயிற்சியாளர் திரையில் படம் படமாகக் காட்டினார். முழு மோதலுக்கு வாரத்தில் இவ்வளவு நிமிஷம்தான் என்று அளவு. தண்ணீர் இடைவேளைக்கு அட்டவணை. வெயில் இத்தனை டிகிரி ஏறினால் பயிற்சி ரத்து. மோதாமலே மோதக் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்றை அவர் கருத்தரங்கில் படித்துவிட்டு வந்திருந்தார். மூளை அதிர்ச்சி பற்றிய படிவத்தில் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எல்லாம் மிகப் புதிய ஆராய்ச்சி என்றார். கேள்வி நேரத்தில் நான் கை தூக்கி, ஜான் கலார்டியைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியுமே, அது ஒரு கோப்பையின் பேராச்சே" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். மூன்றாம் பிரிவின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு 1993 முதல் கொடுக்கப்படும் பரிசுக்குக் கலார்டி கோப்பை என்று பெயர். பட்டம் வேண்டாம் என்றவரைப் பரிசாகவே ஆக்கிவிட்டார்கள்.

அந்த 'மிகப் புதிய ஆராய்ச்சி' வந்த வழி அவ்வளவு சிரிப்பானதல்ல. 2001-ல் எங்கள் மினசோட்டாவிலேயே, மன்கேட்டோ நகரில் நடந்த வைக்கிங்ஸ் அணியின் முகாமில், கோரி ஸ்டிரிங்கர் என்ற 27 வயது ஆட்டக்காரர் வெயிலில் சரிந்தார். உடல் வெப்பம் 108 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போயிருந்தது. மறுநாள் இறந்தார். கோடிக்கணக்கில் டாலர் புரளும் தொழில்முறை அணி. அங்கிருந்து காலேஜ்வில் காரில் சில மணி நேரத் தூரம்தான். அடுத்த வருஷம் பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர் இறந்தபோது அவர் மூளையை அறுத்துப் பார்த்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப விழுந்த அடிகளின் தழும்பை அதில் கண்டார். 2005-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். தொழில்முறை லீக் முதலில் மறுத்தது. பிறகு வழக்குகள் வந்தன. வழக்குகள் வந்தால் அறிவியல் சீக்கிரம் புரியும்.

2010-ல் டார்ட்மத் கல்லூரிப் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் பயிற்சியில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் வீழ்த்துவதை நிறுத்தினார். பைத்தியமா என்று கேட்டார்கள், பட்டம் ஜெயித்தார். 2011-ல் தொழில்முறை லீகின் ஒப்பந்தம், பருவம் முழுக்கக் கவசம் மாட்டிய பயிற்சிகள் 14-க்கு மேல் கூடாது என்றது. 2016-ல் ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் பருவகாலப் பயிற்சியில் ஆளை வீழ்த்துவதை ஒட்டுமொத்தமாக நிறுத்தின. 2017-ல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒரே நாளில் இரண்டு வேளை மோதல் பயிற்சிக்குத் தடை போட்டது. 2022-ல் தொழில்முறை அணிகளின் முகாம்களில் ஹெல்மெட்டுக்கு மேல் இன்னொரு பஞ்சுத் தொப்பி போடச் சொன்னார்கள். டார்ட்மத்தில் இடித்துப் பழகுவதற்கென்றே ஓடும் பொம்மை ஒன்றை மாணவர்கள் செய்தார்கள். ரிமோட்டில் ஓடும், விழுந்தால் தானே எழுந்து நிற்கும். கலார்டி ஓடாத பொம்மையையே வேண்டாம் என்றவர். இருந்தாலும் மனிதனை இடிப்பதைவிடப் பொம்மையை இடிப்பது மேல் என்பதை ஒப்புக்கொண்டிருப்பார்.

டீவன்ஸ் 2023-ல் சைக்கிள் விபத்தில் பட்ட காயங்களால் இறந்தார். இளமையில் அவரும் டார்ட்மத்தின் குவார்ட்டர்பேக். ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்பட்ட அவர் மூளையிலும் ஒமாலு கண்ட அதே நோய் முற்றிய நிலையில் இருந்ததாகக் குடும்பத்தார் வெளியே சொன்னார்கள். பையன்களை மோதாதே என்று தடுத்தவருக்குத் தான் மோதியது முன்பே நடந்து முடிந்திருந்தது.

இப்படி, உடம்பைப் பற்றி கலார்டி சொன்ன 'வேண்டாம்' எல்லாம் ஒவ்வொன்றாக விதியாகிவிட்டன. ஆலோசகர்கள் அவற்றை விலைக்கு விற்கிறார்கள். ஆனால் அவர் பட்டியலில் இன்னொரு வகையும் இருந்தது: உதவித்தொகை வேண்டாம், ஏகப்பட்ட உதவியாளர்கள் வேண்டாம், கூட்டங்கள் வேண்டாம், ஆர்ப்பாட்டம் வேண்டாம். இவற்றை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் நிதி ஒதுக்கியதாக நான் கேள்விப்படவில்லை.

ஜங்ஷனுக்கு இரண்டு பஸ் விட்ட அதே டெக்சஸ் ஏ அண்ட் எம், 2023-ல் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை நீக்கியது. ஒப்பந்தம் மீதி இருந்ததால், இனி வந்து வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்கு 7.5 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியதாயிற்று. 1954-ல் ஓடிப்போன பையன்களுக்குப் பஸ் காசாவது கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விற்றுச் சம்பாதிக்கலாம். 2025-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் நேரடியாகவே தன் ஆட்டக்காரர்களுக்குப் பங்கிட்டுத் தரலாம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். மைதானம் நிரம்புவது யாரால் என்று பார்த்தால், இவ்வளவு காலம் கொடுக்காமல் இருந்ததுதான் வேடிக்கை. பிடிக்காவிட்டால் பையன் கல்லூரி மாறிக்கொள்கிறான், கோச்சும் மாறிக்கொள்கிறார். சீருடை மட்டும் அங்கேயே இருக்கிறது. அதற்கும் விளம்பரதாரர் மாறலாம்.

எங்கள் பக்கத்திலும் காற்று வீசாமல் இல்லை. செயின்ட் ஜான்ஸின் பரம்பரைப் பகையாளி, செயின்ட் பால் நகரின் செயின்ட் தாமஸ். 2017-ல் அவர்கள் செயின்ட் ஓலாஃப் கல்லூரியை 97-0 என்று அடித்தார்கள். 2019-ல் மற்ற கல்லூரிகள் கூடிப் பேசி, நீங்கள் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டீர்கள் என்று செயின்ட் தாமஸைத் தங்கள் லீகைவிட்டே வெளியேற்றிவிட்டன. தோற்றதற்காக வெளியேற்றப்பட்ட கோச்சுகளைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஜெயித்ததற்காக வெளியேற்றப்பட்ட கல்லூரி இது. அவர்கள் அழவில்லை. 2021-ல் மூன்றாம் பிரிவிலிருந்து நேராக முதல் பிரிவுக்கு ஏறிப் போய்விட்டார்கள். பகையாளி இல்லாமல் காலேஜ்வில்லின் சனிக்கிழமைகளில் உப்புக் கொஞ்சம் குறைவுதான்.

கலார்டி அதைப் பார்க்க இல்லை. கடைசி வருஷங்களில் அவர் அணி முன்போல ஜெயிக்கவில்லை. 2012-ல் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. 86 வயதில் விலகினார். அவரிடம் நீண்ட காலம் உதவியாளராக இருந்த கேரி ஃபாஷிங் பொறுப்பேற்று, அணியைத் திரும்பவும் தூக்கி நிறுத்தினார். முதலாளி இன்னும் இரண்டு வருஷம் முன்னாலேயே சாவியைக் கொடுத்திருக்கலாம் என்று பால் மாட்டுக்காரர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களா என்று கொட்டகை வாசலைப் பார்த்தார். எனக்கும் அந்த அபிப்பிராயம்தான். எதையெல்லாமோ வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு வேலையை மட்டும் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

2018 அக்டோபர் 7 அன்று, 91 வயதில் இறந்தார். அந்த வருஷக் கலார்டி கோப்பையை வாங்கியவர் ஜாக்சன் எர்ட்மன், செயின்ட் ஜான்ஸின் குவார்ட்டர்பேக்.

சரி, 489-ஐ யாராவது தாண்டுவார்களா? என் மகன் கேட்டதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்குப் பத்து ஆட்டம் ஜெயிக்கிற ஒருவர் 49 வருஷம் வேலையில் இருந்தால் 490 வரும். பத்து ஆட்டம் ஜெயிக்கிறவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள்.